சாலை மரணங்களுக்கு எவ்வளவு தண்டனை?

வாகனம் மோதி ஒருவர் இறந்துபோனால், ஓட்டியவர் எந்த மனநிலையில் ஓட்டினார் என்பதையே இந்தியச் சட்டம் முதலில் பார்க்கிறது. அவர் மீது தவறே இல்லையென்றால் அது குற்றமாகாது. கவனக்குறைவு ஒரு படி. ஆபத்து என்று அறிந்தே ஓட்டியது அதற்கு மேற்பட்ட படி.

கவனக்குறைவாலோ கண்மூடித்தனமான செயலாலோ மரணம் விளைவிப்பதற்கென, 1870ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு சிறையாக இருந்தது. வெறும் அபராதத்தோடும் வழக்கை முடிக்க முடிந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு அதிகபட்சச் சிறையை ஐந்து ஆண்டாக உயர்த்தி, அபராதத்தையும் கட்டாயமாக்கியது. ஆனாலும் இது ஜாமீனில் விடக்கூடிய குற்றமாகவே தொடர்கிறது.

குடித்துவிட்டோ, ஆட்கள் இருப்பது தெரிந்தும் தறிகெட்ட வேகத்திலோ ஓட்டியவர் மீது, கொலையாகாத மரணத்தை விளைவித்த குற்றம் சுமத்தப்படலாம். அதற்குப் பத்து ஆண்டு வரை சிறை உண்டு. மும்பை பாந்த்ராவில் 2006இல், குடிபோதையில் ஓட்டப்பட்ட கார் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள் மீது ஏறியதில் ஏழு பேர் இறந்தனர். விசாரணை நீதிமன்றம் கவனக்குறைவு என்று கொண்டு ஆறு மாதச் சிறை விதித்தது. உயர்நீதிமன்றம் குற்றத்தை மேல் படிக்கு உயர்த்தி மூன்று ஆண்டு விதித்தது. 2012இல் அதை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டும் போதாது என்றது. ஆனால் மாநில அரசு மேல்முறையீடு செய்யாததால் தண்டனையைக் கூட்டவில்லை.

இறந்தவரின் குடும்பத்துக்குப் பணம் கொடுத்துவிட்டால் தண்டனை குறையுமா? பஞ்சாபில் இருவர் இறந்த ஒரு வழக்கில், இழப்பீடு தரப்பட்டதைக் கருதி உயர்நீதிமன்றம் ஓராண்டுத் தண்டனையை 24 நாளாகச் சுருக்கியது. 2015இல் அதை ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றம் ஆறு மாதமாக்கியது. இழப்பீடு குடும்பத்தின் உரிமை; அதைத் தண்டனைக்கு மாற்றாகக் கொள்ள முடியாது.

விபத்துக்குப் பின் போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தகவல் சொல்லாமல் தப்பி ஓடுபவருக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்கிறது 106(2). 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் இதை எதிர்த்துப் போராடினர். நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்பது அவர்கள் வாதம். அந்த உட்பிரிவு மட்டும் நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது.

சிறுவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வாகன உரிமையாளருக்கோ பாதுகாவலருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது.

2022இல் மட்டும் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தனர். ஒரு கணம் கவனம் சிதறியவருக்கும், குடித்துவிட்டு ஓட்டியவருக்கும் ஒரே தண்டனை நியாயமாகாது. முதலாமவருக்குக் குறுகிய சிறையும் உரிம ரத்தும் போதலாம். இரண்டாமவரைச் சட்டத்தின் மேல் படியில்தான் நிறுத்த வேண்டும்.