கப்பலுக்குள் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்குள் சபை

முதலில் கேங்வே ஏணியில் ஏறுவோம். ஏறி முடிக்கும் இடத்தில் அடையாள அட்டையைச் சரிபார்க்க நிற்பவர்கள் யார் தெரியுமா? நேபாளத்துக் கூர்க்காக்கள்! துறைமுகம் மேற்கு ஆப்பிரிக்கா, கப்பலைக் கட்டியது சீனா, வாசலில் நேபாளம். உள்ளே கால் வைப்பதற்குள்ளேயே பாதி உலகம் வந்துவிடுகிறது.

இதுதான் 'குளோபல் மெர்சி'. மெர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவ அமைப்பின் மருத்துவமனைக் கப்பல். 174 மீட்டர் நீளம், 12 தளங்கள், 6 ஆபரேஷன் தியேட்டர்கள், 199 படுக்கைகள். 2023-ல் செனகலின் டக்கார் துறைமுகத்தில் நின்று நோயாளிகளை ஏற்றுக்கொண்டது, அதே ஆண்டு சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்குப் போனது. குறுகியகால மிஷன் பயணம் என்றால் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்ட வாலிபர் கூட்டம், பள்ளிச் சுவருக்குப் பெயின்ட், குழந்தைகளைச் சுற்றி நிறுத்திப் போட்டோ என்றுதான் பலருக்கும் நினைவு வரும். அந்தப் பயணங்களால் ஊருக்கு லாபமா, போகிறவருக்கு லாபமா என்ற கேள்வி நியாயமானது. உள்ளூர் பெயின்டரின் கூலியைப் பறித்துவிட்டு ஊழியம் என்று பேர் சொல்ல முடியாது. இந்தக் கப்பலோ முற்றிலும் வேறு ரகம். வெளிநாட்டுத் தொண்டர்களோடு கூட, நிற்கும் நாட்டிலேயே ஆட்களைச் சம்பளத்துக்கு எடுக்கிறது. உள்ளூர் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் பயிற்சி தருகிறது.

இனி இருப்பதிலேயே குஷியான சங்கதி. கப்பலில் வேலை செய்ய வருகிற தொண்டர்கள் கைப்பணம் செலவழித்துத்தான் வருகிறார்கள்! விமான டிக்கெட் அவர்கள் செலவு. சர்ஜனும் அப்படித்தான், பாத்திரம் கழுவ வருகிறவரும் அப்படித்தான். பலருக்கு அவரவர் சபையார் காணிக்கை சேர்த்து அனுப்புகிறார்கள். இரண்டே வாரம் லீவு போட்டு வருகிற டாக்டர் உண்டு, சில மாதம் தங்கும் எலக்ட்ரீஷியன் உண்டு, வெல்டர் உண்டு, முடி வெட்டுகிறவர் உண்டு. குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கப்பலிலேயே பள்ளிக்கூடம், அதற்கு டீச்சர்கள். இதே அமைப்பின் பழைய கப்பலான 'ஆப்பிரிக்கா மெர்சி'யில் ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகூட உண்டு!

கப்பலில் குளிப்பதற்கு இரண்டு நிமிடம்தான். நனைந்துகொள், குழாயை மூடு, சோப்புப் போடு, திற, அலசு, வெளியே வா. நாள்தோறும் இதைச் செய்து பழகினவர்கள் தண்ணீரைக் குறித்துச் செய்யும் ஜெபம் தனி ருசியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த 'ஆப்பிரிக்கா மெர்சி'க்கு இன்னொரு ரகசியம் இருக்கிறது. டென்மார்க்கில் ரயில்களையே ஏற்றிக்கொண்டு நீரிணையைக் கடந்த படகு அது. பாலம் வந்ததும் அதற்கு வேலை போய்விட்டது. ரயில் பெட்டிகள் வரிசையாக நின்ற தளத்தை ஆஸ்பத்திரியாக்கி, 2007-ல் ஊழியத்துக்கு இறக்கினார்கள். தண்டவாளம் கிடந்த இடத்தில் இன்று வார்டு! அங்கே குனிந்து ஒரு கட்டிலின் அடியைப் பாருங்கள். மெத்தை விரித்திருக்கிறது. பிள்ளை மேலே கட்டிலில், தாய் கீழே அந்த மெத்தையில். இடம் குறைவு, ஆனாலும் தாயைப் பிரித்து வைப்பதில்லை. ராத்திரி பிள்ளை முனகினால் கீழேயிருந்து ஒரு கை மேலே வரும்.

இப்போது நான் காட்டவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வருகிறேன். கப்பலின் இரத்த வங்கி. அதற்கென்று ஒரு பெரிய குளிர்பதன அறையைத் தேடாதீர்கள். கப்பலில் நடமாடுகிற ஊழியர்கள்தான் இரத்த வங்கி! தொண்டர்களின் இரத்தப் பிரிவு முன்கூட்டியே பரிசோதித்துக் குறித்து வைக்கப்பட்டிருக்கும். தியேட்டரில் ஒருவருக்கு இரத்தம் போகிறது, பிரிவு பொருந்துகிறவருக்கு அழைப்பு வரும். அவர் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தவராக இருக்கலாம், எஞ்சின் அறையில் கையெல்லாம் கிரீஸோடு நின்றவராக இருக்கலாம். கையைக் கழுவிவிட்டு ஓடுகிறார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பை உடம்புச் சூடு ஆறாமலே தியேட்டருக்குப் போய்விடும். புதிதாய் எடுத்த முழு இரத்தம் என்பதால் இரத்தம் உறைய உதவும் அணுக்களும் அதில் உயிரோடு இருக்கும். மருத்துவப்படியும் அருமையான ஏற்பாடு.

திருவிருந்தில் ஒவ்வொரு முறையும் இரத்தம் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. அங்கே அது ஒரு பிளாஸ்டிக் பையில் வெதுவெதுப்பாக இருக்கிறது. கொடுத்தவருக்கு அடுத்த ஷிப்ட் காத்திருக்கிறது. பெற்றவர் பெரும்பாலும் இஸ்லாமியர், ஏனென்றால் செனகலிலும் சியரா லியோனிலும் அவர்களே பெரும்பான்மை. சிகிச்சைக்கு யாருடைய மதமும் தடையில்லை. கிறிஸ்து கேட்காத கேள்வியை அவருடைய பேரில் வந்தவர்கள் கேட்காதது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நோயாளிகளின் பக்கம் பாருங்கள். முகத்தில் தேங்காய் அளவு கட்டி வளர்ந்து, துணியால் மூடியே வாழ்ந்தவர். பலமணிநேரம் பயணம் செய்து வந்திருக்கிறார். பலர் இவ்வளவு பெரிய கப்பலைக் கண்டதே இல்லை. மொழி தெரியாத வெளிநாட்டார், முகமூடி போட்டவர்கள், கையில் கத்தி. நடுவில் இருக்கும் ஒரே உறவு உள்ளூர் மொழிபெயர்ப்பாளர். சியரா லியோனில் கிரியோ, மெண்டே, தெம்னே என்று மாறி மாறிப் பேசி அவர்தான் தைரியம் சொல்கிறார். அப்படியும் அந்த மனிதர் ஏணியில் ஏறுகிறார்! விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்கப் போனவர்கள் அந்த ஏணியருகே நின்று பார்த்தால் பாடம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியும்.

எல்லாராலும் ஏற முடிவதில்லை. நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றதுண்டு. கப்பலால் செய்யக்கூடிய அறுவை சிகிச்சைகளுக்கு எல்லை உண்டு. முற்றிப்போன புற்றுநோயை அவர்களால் மாற்ற முடியாது. 'முடியாது' என்று கேட்டவர்களை அப்படியே வெளிவாசலுக்கு அனுப்பாமல், உட்கார்ந்து அழவும் ஜெபிக்கவும் ஓர் இடம், கூட ஆட்கள். என் கண்ணுக்கு அதுதான் இந்த ஊழியத்தின் கடினமான டியூட்டி. ஆபரேஷன் செய்கிறவருக்காவது தையல் போட்டு முடித்த நிறைவு கிடைக்கும்.

இந்த அமைப்பு பிறந்ததே காத்திருப்பில்தான். 1978-ல் டான் ஸ்டீபன்ஸும் அவர் மனைவி டீயானும் தொடங்கினார்கள். விக்டோரியா என்ற பழைய இத்தாலியப் பயணிகள் கப்பலை வாங்கி, அனஸ்டாசிஸ் என்று பெயரிட்டார்கள். பெயர் வைத்தாயிற்று, பழுதுபார்க்கப் பணம் இல்லை. கிரேக்கக் கரையோரம் கப்பல் வருடக்கணக்கில் நின்றது. ஊழியர்கள் உபவாசம் இருந்த நாட்களில், கடலிலிருந்து மீன்கள் தாமாகத் துள்ளிக் கரையில் விழுந்ததாக அவர்களே சாட்சி சொல்கிறார்கள். எண்ணியும் இருக்கிறார்கள்: 8,301! யோவான் சுவிசேஷத்தில் சீஷர்கள் 153 என்று எண்ணி வைத்த அதே ஆசைதான். மீன் வந்தது சரி, மறுநாளே கப்பல் கிளம்பிவிடவில்லை. உப்பிட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இன்னும் காத்திருந்தார்கள்.

குறுகியகாலம் வருகிறவர்களுக்கும் பலனை உடனே பார்க்கக் கிடைப்பதில்லை. சர்ஜனுக்கு இரண்டாம் வாரமே ஊர் திரும்ப டிக்கெட் போட்டாகிவிட்டது. அவர் கைபட்ட முகத்தின் கட்டை அவிழ்ப்பது வேறொரு நர்ஸ். நிமிர்த்திய காலோடு பிள்ளை நடக்கத் தொடங்கும்போது அவர் சொந்த ஊரில் ஓபியில் உட்கார்ந்திருப்பார். கொரிந்து சபைக்கு பவுல் எழுதியது போல் நடுகிறவர் ஒருவர், நீர் பாய்ச்சுகிறவர் வேறொருவர். முடிவைப் பார்க்காமல் கிளம்பத் தெரிவதைவிடப் பெரிய விசுவாசம் இந்தப் பயணத்தில் வேறு இல்லை என்பேன். விதிவிலக்கும் உண்டு. முகச் சீரமைப்பு சர்ஜன் கேரி பார்க்கர் 1980களில் சில மாதங்களுக்கென்று வந்தவர். கல்யாணமாகி, பிள்ளைகளையும் கப்பலிலேயே வளர்த்து, முப்பது வருடத்துக்கு மேல் இறங்கவே இல்லை!

கடைசியாகப் பெண்கள் வார்டு. பிரசவம் நாள்கணக்கில் இழுத்து, பிள்ளையும் தங்காமல், சிறுநீர் ஓயாமல் கசியும் புண்ணோடு வீட்டாரால் ஒதுக்கப்பட்ட பெண்கள். பெரும்பாடுள்ள ஸ்திரீ கூட்டத்துக்குள் ஒளிந்து வந்து வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டாள் அல்லவா, இவர்களும் அப்படி ஒளிந்து வாழ்ந்தவர்கள்தான். கசிவு நின்று குணமானதும் அவர்களுக்கு ஒரு விழா. புத்தம்புது உடை, தலை அலங்காரம், முகத்துக்கு ஒப்பனை. ஒவ்வொருவராக அறைக்குள் நுழைய, மேளம் அதிர, நர்ஸ்களும் மொழிபெயர்ப்பாளர்களும் பாடி ஆடி வரவேற்கிறார்கள். பிறகு மைக்கை அவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். வருடக்கணக்கில் யாரும் பக்கத்தில் உட்காராத ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்லி முடிக்கும்போது எழும் குலவைச் சத்தத்துக்கு மேல்தளமும் அதிர வேண்டும்!