சோலைக்கு விதை சுமப்போர்

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், பழனி மலைத்தொடரின் மேற்பரப்பில் அமைந்திருக்கிறது கோடைக்கானல். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் மலையேறி வருகின்றனர். ஏரியைச் சுற்றி வந்து, தூண்பாறையைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். சோலைக்குள் நுழைந்து பார்த்தவர்கள் அவர்களுள் மிகச் சிலரே இருப்பர்.

சோலை என்றவுடன் சமவெளியில் வாழும் நமக்கு மாந்தோப்பும் பூந்தோட்டமும் நினைவுக்கு வரும். மலைமேல் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. இரு குன்றுகளின் மடிப்பிலே, நீரோடையை அணைத்தாற்போல், அதிக உயரமில்லாத மரங்கள் நெருங்கி நின்று, பாசி படர்ந்து, நடுப்பகலிலும் அந்தி போல் இருண்டு கிடக்கும் மழைக்காட்டையே அங்குச் சோலை என்கிறோம். ஆங்கில நூலாசிரியர்களுக்கும் இதற்கு வேறு சொல் கிடைக்கவில்லை. நம் சொல்லையே எடுத்து 'ஷோலா' என்று எழுதிவருகின்றனர்.

இந்தச் சோலை மரங்களை அங்கே விதைத்தவர் யார்? ஒரு மடிப்பில் உள்ள மரத்தின் பிள்ளை, இடையிலுள்ள புல்வெளியைத் தாண்டி, அடுத்த மடிப்பில் முளைப்பது எவ்வாறு? மரத்திற்குக் கால் இல்லை. காற்று சுமக்கலாமே என்பீர்கள். சில மரங்களுக்கு அது உண்மைதான். காட்டுப் பூவரசு என்றழைக்கப்படும் ரோடோடெண்ட்ரான் மரத்தின் விதை தூசு போன்றது. காற்று அதை எங்கும் தூவுகிறது. அதனாலேதான் அச்செம்பூ மரம் புல்வெளி நடுவே தன்னந்தனியே நிற்பதைக் காண்கிறோம். ஆனால், நெருங்கிய காட்டினுள்ளே காற்று அசைவதே அரிது. ஆகவே வெப்பமண்டல மழைக்காடுகளில் நூற்றுக்கு 70 முதல் 90 வரையிலான மரவினங்கள் விதையைப் பரப்பும் பணியை விலங்குகளிடமும் பறவைகளிடமும் ஒப்படைத்துவிட்டன.

விதை தாயின் காலடியிலேயே விழுந்து முளைத்தால் என்ன என்று கேட்கலாம். முளைக்கும், ஆனால் பெரும்பாலும் பிழைக்காது. தாய்மரத்தின் நிழல் ஒரு தடை. அதைவிடக் கொடியது வேறொன்று. அந்த ஒரே இனத்தின் விதையைத் துளைத்துத் தின்னும் வண்டுகளும், நாற்றை அழுகச் செய்யும் பூஞ்சைகளும் தாய்மரத்தடியிலேதான் கூட்டமாகக் குடியிருக்கின்றன. இக்கருத்தை 1970-ஆம் ஆண்டில் டேனியல் ஜான்சன் என்பவரும், 1971-ஆம் ஆண்டில் ஜோசப் கானெல் என்பவரும் தனித்தனியே எடுத்துரைத்தனர். தாயைவிட்டு விலகிச் சென்ற பிள்ளைக்கே வாழ்வு என்பது அதன் சாரம்.

விலகிச் செல்வதற்குக் கூலி கொடுக்க வேண்டுமல்லவா? அக்கூலியே பழம். விதை முற்றும்வரை காய் பச்சையாக இலைகளுக்குள் ஒளிந்திருக்கிறது, துவர்க்கிறது. விதை முற்றியதும் சிவந்தோ கறுத்தோ கண்ணைப் பறிக்கிறது, இனிக்கிறது. சதையைத் தின்பவர் விதையைச் சுமக்க வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம்.

இவ்வொப்பந்தத்தில் மிகுந்த சுறுசுறுப்புடையவை சின்னான் பறவைகள். தலையில் கொண்டையும் கன்னத்தில் செந்நிறமும் உடைய செம்மீசைச் சின்னானைக் கோடைக்கானலில் எந்த வேலியிலும் பார்க்கலாம். சிறு பழங்களை முழுதாக விழுங்கும். அரைமணிக்குள் எங்கோ ஒரு கிளையில் அமர்ந்து எச்சமிடும். சதை நீங்கிய விதை மண்ணை அடையும். சதையோடு கிடக்கும் விதை பல வேளைகளில் அழுகிவிடுகிறது. ஆதலால் பறவையின் வயிறு விதைக்குச் செய்யும் உதவி சிறிதன்று. ஆனால் சின்னானின் வாய் சிறியது. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலத்திற்கு மேற்பட்ட விதையை அது விழுங்க இயலாது. இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பெரிய விதைகளுக்குப் பெரிய வாய்கள் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாத நீலகிரிக் காட்டுப்புறா, லவங்கப்பட்டை மரத்தின் காட்டு உறவினர்களது பழங்களை விரும்பி உண்ணும். இரவில் அப்பணியை ஏற்பது பழுப்பு மரநாய். பெயரைக் கேட்டு நாயினம் என்று எண்ணிவிடாதீர்கள். இது புனுகுப் பூனையின் சுற்றம். இதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. அதிலும் கோடைக்கானலுக்கு இதனிடம் தனி உரிமை உண்டு. 1885-ஆம் ஆண்டில் பிளான்போர்டு என்ற அறிஞர் இதனைத் தனி இனமாக வரையறுத்தபோது, சான்றாகக் கொண்டது கோடைக்கானலிலிருந்து கிடைத்த ஓர் உருப்படியையே. ஊர்ப்பெயரை வைக்காமல், சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த இயற்கையறிஞர் ஜெர்டனின் பெயரை அதற்குச் சூட்டினார்.

புலாலுண்ணிகளின் வரிசையில் பிறந்திருந்தும் இம்மரநாய்க்குப் பழமே முதன்மையான உணவு. களக்காடு–முண்டந்துறைக் காடுகளில் செய்த ஆராய்ச்சியில், 50-க்கும் மேற்பட்ட தாவரங்களின் பழங்களை இது உண்பது தெரியவந்தது. சின்னானின் தொண்டையில் இறங்காத பெரும் பழங்களையும் முழுதாக விழுங்கி, விதையைச் சிதைக்காமல் வெளியேற்றுகிறது. பகலெல்லாம் மரப்பொந்திலோ கிளைகளின் அடர்த்தியிலோ உறங்கி, இரவில் மட்டும் நடமாடுவதால் நாம் அதைக் காண்பதில்லை. நான் சோலைகளில் நடந்த நாட்களில் விலங்கைவிட அது விட்டுச் சென்ற விதைக்குவியலையே மிகுதியாகக் கண்டிருக்கிறேன்.

பழம் தின்போரெல்லாம் விதைப்போர் என்று எண்ணுவதும் தவறு. கருமந்தி இலையோடு விதையையும் மென்று செரித்துவிடும். மலையணில் விதைப் பருப்பையே நாடும். அது கைதவறிக் கீழே போடுவதே மரத்திற்கு ஆதாயம். நாட்டுக் குரங்கோ நடுத்தரம்: கன்னப்பையில் பழத்தை அடைத்துக்கொண்டு சற்றுத் தொலைவு சென்று, கொட்டையைத் துப்புகிறது.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். பழனி மலையின் மேற்பரப்பில் பரந்த புல்வெளியும் இடையிடையே சோலையும் இருந்தன. தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரமும், விறகுக்கும் காகிதத் தொழிலுக்குமாகத் தைலமரமும் பைனும் பெருமளவில் நடப்பட்டன. 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கும், சோலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் குறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டுள்ளனர். புல்வெளியை வீண்நிலம் என்று கருதியதே இதற்கெல்லாம் வேர் என்பது என் எண்ணம்.

ஆனால், எவரும் திட்டமிடாத ஒன்று பின்னர் நிகழ்ந்தது. வயது முதிர்ந்த வாட்டில் தோப்புகளின் அடியில் சோலை மரக் கன்றுகள் தாமாக முளைத்தெழுந்தன! திறந்த புல்வெளியில் மார்கழி, தை மாதத்து உறைபனி அவற்றைக் கருக்கிவிடும். தோப்பின் நிழலில் அக்கொடுமை தணிகிறது. பறவைகளோ கிளைகளில் வந்தமர்ந்து விதையை உதிர்த்துச் செல்கின்றன. வட்டக்கானலில் சோலை மரங்களை வளர்த்து வரும் ஆர்வலர்களும் பிறரும் இதனைக் கண்டு, அயல்மரங்களை ஒரே வீச்சில் வெட்டிச் சாய்ப்பது அறிவுடைமை ஆகாது என்று எடுத்துரைத்தனர். ஒரே நாளில் வெட்டினால் நிழல் போய்விடும். வெயில் பட்ட மண்ணில் உறங்கிக் கிடக்கும் வாட்டில் விதைகளே முந்தி முளைக்கும்.

இங்கேதான் அந்த ஒரு சென்டிமீட்டர் கணக்கு வேண்டியிருக்கிறது. தோப்புக்குள் துணிந்து வருபவை பெரும்பாலும் சின்னான் போன்ற சிறு பறவைகள். அவை கொணர்வன சிறு விதைகள். புறாவும் மரநாயும் அரிதாகிவிட்ட இடத்தில் காடு திரும்பும்; ஆனால் பெருவிதை மரங்கள் இல்லாத குறைக்காடாகவே திரும்பும். பச்சை நிறம் கண்ணுக்கு நிறைவாயிருப்பதால் அக்குறை எளிதில் புலப்படாது. மேலும், நாட்டுச் செடி, அயற்செடி என்ற வேறுபாடு பறவைக்குத் தெரியாது. சோலைப் பழத்தைச் சுமந்த அதே சின்னான், உண்ணிச்செடியின் கரும்பழத்தையும் சுமந்து விதைக்கிறது.

ஆதலால், எஞ்சிய சோலைக்கு அருகிலுள்ள தோப்பைப் பறவைகளின் பொறுப்பில் விடலாம்; தொலைவிலுள்ளதற்குப் பெருவிதை மரங்களை நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டியிருக்கும். எத்தொலைவு வரை எந்த விதை வந்து சேர்கிறது என்பதைக் கல்லூரி மாணவரும் ஆராயலாம். பெரிய கருவிகள் தேவையில்லை. சோலை விளிம்பிலிருந்து தோப்புக்குள் ஒரு கயிற்றைப் பிடித்து, பத்து மீட்டருக்கு ஒருமுறை நின்று, தரையிலுள்ள கன்றுகளை இனம் பிரித்து எண்ணினால் போதும். பெயர் தெரியாத கன்றுக்கு, அருட்திரு கே. எம். மாத்யூ பழனி மலைத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூல் துணை செய்யும். வழியில் பாறைமீதோ விழுந்த மரத்தின்மீதோ விதைகள் செறிந்த எச்சம் கிடந்தால், ஒரு குச்சியால் கிளறி, அவற்றுள் எத்தனை உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரியவை என்று குறித்துக்கொள்ளுங்கள்.