எதிர் ஜன்னல் எங்கே?

கடலூர் மாவட்டத்துத் திருவதிகை என்றால் நினைவுக்கு வருவது சூலை நோய். ஏழாம் நூற்றாண்டில் அந்த வயிற்றுவலியோடு தமக்கை திலகவதியாரைத் தேடி வந்த நாவுக்கரசர், வீரட்டானேசுவரர் முன் பதிகம் பாடி நலமடைந்தார் என்கிறது பெரியபுராணம். பக்கத்துச் சிதம்பரத்திலோ பொன்னம்பலத்தையே மனித உடம்பாக விளக்குவார்கள். கூரையின் 21,600 பொன் ஓடுகள் ஒரு நாளில் நாம் விடும் மூச்சுகளாம். உடம்பையும் கட்டடத்தையும் சேர்த்து நினைப்பது இந்த வட்டாரத்துக்குப் பழக்கம்தான்.

வீட்டின் கதவு, ஜன்னல் அமைப்பு முழுவதையும் கட்டடக் கலைஞர்கள் ‘ஃபெனஸ்ட்ரேஷன்’ என்பார்கள். உடலுக்குள் புதிதாகத் திறக்கும் வழிக்கு அறுவை மருத்துவர்கள் சொல்வதும் இதையே. இரு தொழிலிலும் திறப்பு வேலை செய்ய அதற்கு ஒரு துணை வேண்டும்.

காதில் இது அழகாகத் தெரியும். செவிப்பறையில் பட்ட ஒலி, சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகள் வழியே உட்செவியின் நீள்வட்டச் சாளரத்தை அடைகிறது. செவிப்பறையின் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். அங்கவடியின் அடித்தட்டு 3.2 மட்டுமே. அதனால் அழுத்தம் சுமார் 17 மடங்கு கூடுகிறது. ஆனால் உட்செவியில் இருப்பது திரவம், அழுத்தினால் சுருங்காது. கீழே வட்டச் சாளரத்தின் சவ்வு வெளிப்பக்கம் புடைத்து இடம் கொடுப்பதால்தான் திரவம் அசைகிறது, நமக்குக் கேட்கிறது.

சிலருக்கு அங்கவடியைச் சுற்றி எலும்பு வளர்ந்து அதை இறுக்கிவிடும். ஜூலியஸ் லெம்பர்ட் 1938-இல் நியூயார்க்கில், உட்செவியில் சமநிலைக்கான அரைவட்டக் குழலில் புது ஜன்னல் திறக்கும் முறையை ஒரே கட்ட அறுவையாக்கினார். பலருக்குக் கேட்கும் திறன் திரும்பியது. ஆனால் தலைசுற்றலும் வந்தது. சிலருக்கு எலும்பு வளர்ந்து துளையும் மூடிக்கொண்டது. 1956-இல் ஜான் ஷியா அங்கவடியையே எடுத்துவிட்டு டெஃப்ளான் எலும்பு வைத்த பிறகு பழைய முறை ஒதுங்கியது. வேண்டாத மூன்றாவது திறப்பும் தொல்லைதான். மேல் அரைவட்டக் குழலின் எலும்பில் ஓட்டை விழுந்தவர்களுக்கு உரத்த சத்தம் கேட்டாலே உலகம் சுழலும் என்று லாயிட் மைனர் 1998-இல் விளக்கினார்.

வீட்டுக்கு வருவோம். பழைய ஓட்டு வீடுகளில் தெருவாசலில் நின்றால் ரேழி, முற்றம் தாண்டிக் கொல்லைக் கதவு தெரியும். காற்று மோதும் பக்கம் அழுத்தம் அதிகம், மறுபக்கம் குறைவு. இரண்டுக்கும் நடுவில் வீடு திறந்திருப்பதால் காற்று ஓடுகிறது. கடலூர் போன்ற புழுக்கமான ஊர்களில் ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அந்தக் கணக்கை ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைத்தும் நிறைவேற்றிவிடலாம். புழுக்கம் போகாது.

வீடு கட்டப் போகிறவர்களே, வரைபடத்தில் ஒவ்வோர் அறைக்கும் எதிர் ஜன்னல் எங்கே என்று பொறியாளரிடம் கேளுங்கள். சுவர் எழும்பிய பிறகு அதைத் திறப்பது செலவு.