ஸ்டியரிங் ஆடுதா? எங்கே ஆடுது?

பழைய கார் ஓட்டுகிறவர்களைக் கேட்டால், "ஸ்டியரிங் கொஞ்சம் ஆடும், பழகினா சரியாப் போயிரும்" என்பார்கள். ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் நாம் வாடகைக்குப் பிடிக்கிற வண்டிகள் பலவற்றில் இந்தக் கதைதான். ஆட்டம் இருப்பது டிரைவருக்கும் தெரியும், பின்னால் உட்கார்ந்திருக்கிற நமக்கும் தெரியும். அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் தெரியாது. ஸ்டியரிங் வளையத்தில் தொடங்கி முன் சில்லு வரைக்கும் ஏழெட்டு இடங்களில் இரும்போடு இரும்பு பொருந்தி நிற்கிறது. ஒவ்வொரு இடத்திலும் அரை நூல் தேய்ந்திருந்தாலும் போதும். எல்லாம் சேர்ந்து கைக்கு வரும்போது இரண்டு அங்குலம் ஆகிவிடும்.

இதை விளக்க நாங்கள் யாழ்ப்பாணத்து உதாரணத்தைத் தேடிப் போனது சிலருக்குச் சிரிப்பாக இருக்கும். அங்கே ஒரு மேடு கூட இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் பழைய காரை உயிரோடு வைத்திருக்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். 1990இல் மறுபடி யுத்தம் தொடங்கியபோது வடக்குக்குப் பெட்ரோலும் உதிரிப்பாகமும் போவது தடைப்பட்டது. புதிய வண்டி வருவதைப் பற்றிப் பேச்சே இல்லை. 1950களில் வந்து இறங்கிய ஒஸ்டின் ஏ40 சோமசெட்டும், மொரிஸ் மைனரும், பிறகு வந்த கேம்பிரிட்ஜும்தான் ஓடின. சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, அப்புறம் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புதிய சாமான் கிடைக்காத காலத்தில், எது தேய்ந்திருக்கிறது, எது இன்னும் தாங்கும் என்று கையால் தடவிப் பார்த்தே சொல்லப் பழகினார்கள்.

பலாலி வீதியில் உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்ட ஒரு சின்னக் கராஜ். அங்கே வேலை செய்கிற வயதானவர் எங்களிடம் சொன்னது இது: "இஞ்ச நேர் றோட்டு. ஆட்டம் இருந்தாலும் கார் தன்பாட்டில போகும், ஒண்டும் தெரியாது. உங்கட பக்கம் அப்பிடியே? முடக்குக்கு முடக்கு கேக்கும். எங்க ஆடுதெண்டு முதல்ல பாருங்கோ. பாக்காம முறுக்காதேங்கோ."

அவர் காட்டிய முறை இரண்டு பேர் செய்கிற வேலை. காரைச் சமதரையில் நிறுத்துங்கள். முன் சில்லு நேராக இருக்கட்டும், பின் சில்லுக்குக் கல் வையுங்கள், என்ஜின் நிற்கட்டும். ஜக் அடிக்க வேண்டாம். காரின் பாரம் சில்லில் இறங்கி நிற்கும்போதுதான் தேய்ந்த இடம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு விரலால் மெதுவாக இடமும் வலமும் அசைக்க வேண்டும். மற்றவர் வெளியே நின்று முன் சில்லைப் பார்க்க வேண்டும். சில்லு அசையத் தொடங்குவதற்கு முன் வளையத்தின் ஓரம் எவ்வளவு தூரம் சும்மா போகிறது? அதுதான் ஆட்டம்.

எவ்வளவு இருக்கலாம் என்பது ஸ்டியரிங்கின் வகையைப் பொறுத்தது. மொரிஸ் மைனரில் இருப்பது பற்சட்டம், அதாவது ரக். ஒஸ்டின் கேம்பிரிட்ஜில் இருப்பது பெட்டி. பெட்டி வகையில் பெட்டிக்குள்ளேயும், அதிலிருந்து போகிற கம்பிகளின் மூட்டுகளிலும் இயல்பாகவே கொஞ்சம் இடைவெளி உண்டு. இங்கிலாந்தின் வருடாந்த வாகனப் பரிசோதனையில், 380 மில்லிமீற்றர் அகல வளையத்துக்கு ரக் வகையில் 13 மில்லிமீற்றருக்கு மேலும், பெட்டி வகையில் 75 மில்லிமீற்றருக்கு மேலும் ஆடினால் வண்டி பாஸ் ஆகாது. 75 என்றால் மூன்று அங்குலம். றம்பொடை இறக்கத்தில் மூன்று அங்குல ஆட்டத்தோடு இறங்கச் சொல்லி நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம். ஒரு அங்குலம் தாண்டினாலே காரணத்தைத் தேடுங்கள். நம் நாட்டில் வருட வரிப் பத்திரம் எடுப்பதற்குப் புகைப் பரிசோதனை கேட்கிறார்கள். அந்தச் சீட்டை நீட்டி "வண்டி எல்லாம் ஓக்கே" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அது புகையை மட்டும் பார்த்துக் கொடுத்த சீட்டு.

அடுத்தது இடத்தைப் பிடிப்பது. உள்ளே இருப்பவர் அதே மாதிரி அசைத்துக்கொண்டே இருக்கட்டும். வெளியே இருப்பவர் டோர்ச் லைட்டோடு குனிந்து ஒவ்வொரு மூட்டையும் கை வைத்துப் பிடிக்க வேண்டும். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நின்றால், அல்லது விரலுக்குள் 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டினால், அந்த எண்ட் முடிந்தது. மைனரில் ரக்கின் இரண்டு நுனியிலும் ரப்பர் உறைக்குள்ளே மூட்டு ஒளிந்திருக்கிறது. உறையை அமுக்கிப் பிடித்துப் பார்த்தால் தட்டுவது தெரியும். உறை கிழிந்திருந்தால் எண்ணெய் வெளியே போய் மண் உள்ளே வந்திருக்கும். உரும்பிராய்ப் பக்கம் செம்பாட்டு மண். அந்தத் தூள் கிரீஸோடு சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத்தான். நம் பக்கம் தூசிக்குப் பதில் சேறும் மழைத் தண்ணீரும். முடிவு ஒன்றுதான்.

சில நேரம் மூட்டெல்லாம் நன்றாக இருக்கும், முழு ரக்குமே சுவரில் ஆடும். பெட்டி வகையில் பெட்டியைச் சேசிஸில் பிடிக்கிற போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது அந்த இடத்துத் தகடு துருப்பிடித்து வெடித்திருக்கும். பெட்டிக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஐட்லரையும் மறக்க வேண்டாம். ஸ்டியரிங் தண்டும் ரக்கும் சேருகிற இடத்தில் ஒரு பிடிபோல்ட் உண்டு. பத்து நிமிட வேலை, ஒரு ஸ்பானர் போதும். ஆனால் அது கழன்றால் வளையம் கையில் சும்மா சுற்றும்.

இதற்குப் பிறகுதான் ஜக். முன் சில்லைத் தூக்கி, கீழே கனமான மரக்குற்றியோ ஸ்டாண்டோ வையுங்கள். சீமெந்துக் கல் வைக்கவே கூடாது, அது சொல்லாமல் வெடிக்கும். சில்லை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டிப் பாருங்கள். ஆடினால் உள்ளே இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பெயாரிங். மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின்.

மைனர் வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அதில் சில்லைத் தாங்குகிற தண்டின் மேலும் கீழும் மரை வெட்டிய ட்ரனியன் இருக்கிறது. கிரீஸ் போடாமல் விட்டால் கீழ் மரை தேய்ந்து, ஒரு நாள் தண்டு கழன்று சில்லு மட்கார்டுக்குள் மடங்கிவிடும். ரிவர்ஸ் எடுக்கும்போதோ முழுசாகத் திருப்பும்போதோ நடந்தால் தப்பித்தோம். ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை நிப்பிள்களில் கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். வரவில்லை என்றால் நிப்பிள் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், "அடிச்சாச்சு" என்று எழுந்துவிடாதீர்கள்.

இப்போது அந்தப் பெரியவர் "முறுக்காதேங்கோ" என்று சொன்னதற்கு வருவோம். பெட்டியின் மேல் ஒரு திருகாணி இருக்கிறது. ஆட்டம் என்று கராஜில் சொன்னால் பலர் முதலில் கை வைப்பது அதில்தான். ஐந்து நிமிடத்தில் கை இறுகிவிடும், காசு வாங்கிவிடலாம், நாமும் சந்தோஷமாகப் போவோம். ஆனால் பெட்டிக்குள் அதிகம் தேய்வது நடு இடம். நேராக ஓடும்போது பல் அங்கேதானே இருக்கிறது! ஓரங்கள் அவ்வளவாகத் தேய்ந்திருக்காது. நடுவுக்குச் சரியாக முறுக்கினால் ஓரத்தில் அளவுக்கு மீறி இறுகும். நேர் றோட்டில் அது தெரியவே தெரியாது. கொண்டை ஊசி வளைவில் முழுக்கத் திருப்பி விட்டதும் வளையம் தானாகத் திரும்பி வர வேண்டும். அங்கேதான் அது வராமல் பிடித்துக்கொள்ளும். ஆடுகிற எண்டோ அப்படியே இருக்கும். ஒரு வருத்தத்தைத் தீர்க்கப் போய் இரண்டு வருத்தம்.

முறுக்குவது தப்பே என்று சொல்லவில்லை. எண்டும் ஐட்லரும் கிங் பின்னும் பார்த்து, போல்ட்டெல்லாம் இறுக்கி, அதற்குப் பிறகும் ஆட்டம் பெட்டியில்தான் என்று தெரிந்தால் கொஞ்சம் முறுக்கலாம். முன் சில்லுகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். எங்கேயாவது பிடித்தால் திருகாணியைத் திருப்பி விட்டுவிடுங்கள். அப்படிப்பட்ட பெட்டிக்கு உள்சாமான் மாற்றுவதுதான் வழி.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியாருக்கு மறுபடி திறந்தது 2025இல். அந்த ஐந்து வருடத்தில் விலை ஏறியதால் கழித்துப் போட வேண்டிய வண்டிகளும் மறுபடி றோட்டுக்கு வந்தன. ஆகவே பிள்ளைகளை ஏற்றுகிற வேனில் முன் சீட்டில் உட்காரக் கிடைத்தால் டிரைவரின் கையைப் பாருங்கள். நேரான துண்டில் கை ஓயாமல் இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தால், பள்ளத்தில் விழும்போது முன்பக்கம் 'டொக்' என்றால், முன் டயரின் ஒரு ஓரம் மட்டும் இறகு போலத் தேய்ந்திருந்தால், கேளுங்கள். "அண்ணே, எண்டு எப்ப மாத்துனீங்க?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

எண்ட் மாற்றினால் நட்டில் புதிய ஸ்பிளிட் பின் போட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவதும் கம்பி கட்டுவதும் வேண்டாம். மாற்றிய பிறகு முன் சில்லுகளின் சாய்வை அளக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். மைனருக்கு முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒரு அங்குலத்தின் 32இல் 3 பங்கு குறைந்திருக்க வேண்டும். நூறு மைல் ஓடிய பிறகு எல்லா நட்டையும் இன்னொரு தடவை ஸ்பானர் வைத்துப் பாருங்கள்.