உறைநிலத்தில் ஊன்றிய கால்

பத்தாம் வகுப்பு மாணவி

நம் ஊரில் வீடு கட்டுவோர் கடைக்கால் தோண்டும்போது கெட்டி மண் தென்பட்டதும் நிம்மதி அடைகிறார்கள். அந்தக் கெட்டி மண்ணே உருகிவிடக்கூடியது என்றால் என்ன செய்வது? பூமியின் வடகோடியில் வாழும் மக்களுக்கு இது அன்றாடக் கேள்வியாகும்.

அலாஸ்கா, கனடா, சைபீரியா ஆகியவற்றின் வட பகுதிகளைத் தூந்திரப் பிரதேசம் என்று புவியியலில் படிக்கிறோம். அங்கே கோடையில் மேல்மண் மட்டுமே இளகும். அதன் கீழ் ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் மண்ணே உறைநிலம் எனப்படும். அலாஸ்காவின் புருடோ விரிகுடாப் பகுதியில் அது 600 மீட்டர் ஆழத்திற்கும் கீழே செல்கிறது. மேலே படர்ந்துள்ள பாசியும் சிறு செடிகளும் ஒரு போர்வையைப் போல வெயிலின் வெப்பம் உள்ளே இறங்காமல் காக்கின்றன.

அந்தப் போர்வை கிழிந்தால் என்ன ஆகும்? கோடையில் கனத்த வண்டி ஒன்று ஓடினால் பாசி நசுங்கும். கருமண் வெளிப்பட்டு வெயிலை உறிஞ்சும். கீழுள்ள பனி உருகித் தரை பள்ளமாகும். பள்ளத்தில் தேங்கும் நீர் மேலும் வெப்பத்தை ஈர்க்கும். 1940களில் அலாஸ்காவில் எண்ணெய் தேடிச் சென்ற வண்டிகளின் தடங்கள் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் மறையவில்லை. நம் ஊரில் ஒரு மழைக்காலத்தில் ஆறிவிடும் காயம் அங்கே ஒரு தலைமுறையிலும் ஆறுவதில்லை.

1968ஆம் ஆண்டு புருடோ விரிகுடாவில் எண்ணெய் கிடைத்தது. சூடான எண்ணெயைக் கொண்டு செல்லும் குழாயை மண்ணில் புதைத்தால் உறைநிலம் உருகிக் குழாய் உடையும். ஆகவே 1977இல் கட்டி முடிக்கப்பட்ட 1,287 கிலோமீட்டர் குழாயில் பாதிக்கு மேல் தூண்களின் மீது நிறுத்தப்பட்டது. பல தூண்களுக்குள் அம்மோனியா அடைத்த சிறு குழாய்கள் உள்ளன. குளிர்காலத்தில் அம்மோனியா மண்ணின் வெப்பத்தால் ஆவியாகி மேலே செல்லும். காற்றில் குளிர்ந்து திரவமாகி மீண்டும் கீழே இறங்கும். இவ்வாறு மண்ணின் வெப்பம் வெளியேற்றப்படுகிறது. துருவ மான்கள் கடந்து செல்லவும் வழி விடப்பட்டுள்ளது.

ருஷ்யாவின் நோரில்ஸ்க் நகரில் நடந்ததோ வேறு. 2020 மே 29 அன்று அங்கு ஒரு மின்நிலையத்தின் எண்ணெய்த் தொட்டி சிதைந்து, 20,000 டன்னுக்கும் மேற்பட்ட டீசல் கொட்டியது. ஆற்று நீர் செந்நிறமாயிற்று. உறைநிலம் இளகியதால் தாங்குதூண்கள் தாழ்ந்தன என்றது நிறுவனம். தொட்டியின் குறைபாடுகளும் விசாரணையில் வெளிவந்தன. 2021இல் நீதிமன்றம் ஏறத்தாழ 14,600 கோடி ரூபிள் இழப்பீடு விதித்தது.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுங்க முடியுமா தோழியரே? நோரில்ஸ்க் நிக்கல் தோண்டும் நகரம். நல்ல எவர்சில்வர் பாத்திரங்களில் நிக்கல் கலந்திருக்கிறது. மேலும், உலகின் உறைநிலங்களில் மக்கிய தாவரங்களின் கார்பன் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் அடங்கியுள்ளது. இது காற்று மண்டலத்தில் உள்ளதைப் போல இரு மடங்காகும். நிலம் உருகினால் அதில் ஒரு பகுதி வாயுவாக வெளியேறி உலகையே சூடாக்கும்.

இங்கேதான் ஒரு முரண்பாட்டைக் காண்கிறேன். அலாஸ்காக் குழாய் தன் காலடி மண்ணைக் குளிர வைக்கிறது. அது சுமக்கும் எண்ணெயோ எரிந்து அதே மண்ணைச் சூடாக்குகிறது. தூணை மட்டும் காத்தால் போதாது என்பது இதனால் விளங்கும்.

அப்படியானால் அங்கே ஒன்றுமே கட்டக் கூடாதா? அங்கும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுக்கும் வீடும் வேலையும் வேண்டும். கட்டலாம். ஆனால் நிலத்தின் இயல்பை அறிந்து கட்ட வேண்டும். தேவைக்கு மேல் தோண்டாதிருக்க வேண்டும். பாத்திரம் ஒன்றைத் தூக்கி எறியுமுன், விளக்கை அணைக்காமல் அறையை விட்டுச் செல்லுமுன், அந்த ஆறாத வண்டித் தடங்களை நாம் ஒரு கணம் நினைத்துப் பார்ப்போமாக!