கைத்தையலோடு ஒரு பகை

கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் உள்ளது ஹனூர். 1956-ஆம் ஆண்டு மாநில எல்லைகள் மொழிவழியே திருத்தப்படும் வரையில் கொள்ளேகாலம் தாலுக்கா கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூரோடு இணைந்தது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் தனியே பிரிந்தபோது அதனுள் அடங்கியது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. கோடுதான் இடம் மாறியது. ஆதலால் அங்குள்ள பழைய தமிழ்க் குடும்பங்களைக் குடியேறியவர்கள் என்பதா, குடியிருந்தவர்கள் என்பதா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவ்வூரில் என் அத்தை வாழ்கிறார். எழுபது வயதைக் கடந்தவர். சத்தியமங்கலத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் நாட்டிய அரங்கேற்றங்களுக்கும் ஊர் நாடகங்களுக்கும் உடை தைத்துக் கொடுப்பது அவர் தொழில். தம் பெயரைப் போடக் கூடாது என்று கட்டளையிட்டிருக்கிறார். ஆகவே அத்தை என்றே எழுதுகிறேன்.

“கண்ணு, தையல் என்றால் எனக்கு உயிர். ஆனால் கையால் தைக்கச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும்” என்றார், நான் சென்று அமர்ந்த சிறிது நேரத்திற்கெல்லாம்.

நாற்பது ஆண்டுகளாகத் தையலால் பிழைத்தவர் இவ்வாறு சொல்வது வியப்பாக இருந்தது. காரணத்தை அவரே கூறினார். பள்ளியில் பெண் குழந்தைகளுக்குத் தையல் வகுப்பு உண்டாம். வெள்ளைத் துணித்துண்டு ஒன்றில் ஓடு தையல், சங்கிலித் தையல், காஜா என்று வரிசையாகத் தைத்துக் காட்ட வேண்டும். ஒரு தையல் நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் விழுந்தால் ஆசிரியை அனைத்தையும் பிரித்துவிடுவார். அத்தையின் துணி பிரிக்கப்பட்டுப் பிரிக்கப்பட்டு, இறுதியில் துணியை விட ஊசித் துளையே மிகுதியாக இருந்ததாம். “அந்தத் துணி என் இரத்தம் பட்டுப் பழுப்பாகிவிட்டது” என்று இன்றும் விரலைத் தேய்த்துக்கொள்கிறார்.

திருமணமான பின்பு மாமா தவணை முறையில் ஒரு கால்மிதி இயந்திரம் வாங்கித் தந்தார். 1930-களில் கல்கத்தாவில் உற்பத்தி தொடங்கிய உஷா வகை அது. அதில் அமர்ந்து முதல் தையலை ஓட்டிய நாளைப் பற்றிப் பேசும்போது அத்தையின் முகத்தில் வருகிற ஒளியை, தம் பிள்ளைகள் பிறந்த நாளைப் பற்றிப் பேசும்போதும் நான் கண்டதில்லை.

இயந்திரத்தின் வரலாற்றையும் இங்கே சிறிது சொல்ல வேண்டும். அதில் நாடக வாசனை இருக்கிறது. பிரான்சு நாட்டில் திமோனியே என்னும் தையற்காரர் 1830-இல் ஒரு தையல் இயந்திரத்திற்கு உரிமம் பெற்றார். பாரிசில் படைவீரர்களுக்கு உடை தைக்கும் தொழிற்சாலையில் அதனை அமைத்தார். தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831-இல் புகுந்து இயந்திரங்களை நொறுக்கிவிட்டனர். அவருடையது ஒரே நூலால் ஓடும் சங்கிலித் தையல். ஒரு முனை அறுந்தால் முழுதும் உருவிக்கொண்டு வரும். 1846-இல் அமெரிக்கராகிய எலியாஸ் ஹோவ், ஊசியின் கூர்முனையருகே கண் வைத்து, மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்ளும் தையலுக்கு உரிமம் பெற்றார். 1851-இல் உரிமம் பெற்ற ஐசக் சிங்கர் அதனை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தச் சிங்கர் இளமையில் நாடக நடிகர். தாமே ஒரு குழு அமைத்து ஊர் ஊராகச் சுற்றியவர்! 1850-களிலேயே அவருடைய கம்பெனி தவணை விற்பனையையும் தொடங்கிவிட்டது. மாமா கட்டிய தவணைக்கு மூதாதை அதுவே.

கையால் ஒரு ஆண் சட்டை தைக்க ஏறத்தாழ 14 மணி நேரமும், இயந்திரத்தால் ஒரு மணிக்குச் சற்று மேலும் ஆயின என்று அந்நாளைய அமெரிக்கக் கம்பெனிக் கணக்கு ஒன்று உண்டு. விற்பவர் போட்ட கணக்குத்தான். ஆயினும் அத்தையிடம் இதைச் சொன்னபோது, “பதின்மூன்று மணி நேரம் மிச்சம்! அதற்குள் சோறாக்கி, பிள்ளையைக் குளிப்பாட்டி, ஒரு தூக்கமும் போடலாமே” என்றார்.

இயந்திரங்களை ஐயத்தோடு பார்த்த காந்தியடிகளும் இதற்கு மட்டும் விலக்கு அளித்தார். 1924-ஆம் ஆண்டு இராமச்சந்திரன் என்னும் மாணவர், நீங்கள் இயந்திரம் அனைத்திற்கும் எதிரியா என்று வினவியபோது, சிங்கர் தையல் இயந்திரத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னார். மனைவி கையால் தைத்துத் தைத்து அலுப்பதைக் கண்டு, அன்பினால் அக்கணவர் அதனைச் செய்தார் என்பது அடிகள் கூறிய விளக்கம். உண்மைச் சிங்கரின் இல்வாழ்க்கை அத்தனை செம்மையானதன்று. ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் நடத்தியவர். கதை பிழையானாலும் கருத்து நல்லது என்று விட்டுவிடலாம். வினவிய மாணவரே பிற்காலத்தில் தம் துணைவியார் டாக்டர் சௌந்திரம் அம்மையாருடன் 1947-இல் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவிய ஜி. இராமச்சந்திரன்.

அத்தைக்கு இச்செய்தி மிகவும் பிடித்துவிட்டது. “அப்படியானால் என் பக்கம் பெரியவர் இருக்கிறார்” என்று சிரித்தார்.

உடை அமைப்பில் புகழ் பெற்ற எல்லாரும் ஊசியின் வழியாக வந்தவர்கள் அல்லர் என்பதையும் சொன்னேன். 1929-இல் கோலாப்பூரில் பிறந்த பானு அதையா பம்பாய் ஜே. ஜே. ஓவியக் கல்லூரியில் பயின்று, மகளிர் பத்திரிகைகளுக்கு உடைப்படம் வரைந்தவர். தூரிகையிலிருந்து துணிக்கு வந்து, ‘காந்தி’ திரைப்படத்திற்காக 1983-இல் ஜான் மாலோவுடன் சேர்ந்து ஆஸ்கார் பரிசு பெற்றார். அப்பரிசு பெற்ற முதல் இந்தியர் அவரே. 2012-இல் பரிசைப் பாதுகாப்பிற்காக அகாதமியிடமே ஒப்படைத்தார், 2020-இல் மறைந்தார். அத்தை சற்று எண்ணிவிட்டு, “வரைந்தவர் அவர். கொக்கி கட்டியவர் யாரோ?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

அந்தக் கொக்கியில்தான் எல்லாம் இருக்கிறது. ருக்மிணி தேவி 1935-இல் அடையாற்றில் மேடையேறிய காலத்தில், இத்தாலிய நாட்டுத் தையற்காரர் ஒருவரின் துணையோடு நாட்டிய உடை திருத்தமுற்றது. பட்டுச் சேலையை வெட்டிக் காற்சட்டை, முன்விசிறி, இடுப்புப் பகுதி, மேலாக்கு, ரவிக்கை எனத் தனித்தனியே தைத்து அணிவது இன்று வழக்கம். நீண்ட தையல்களை இயந்திரம் ஓட்டிவிடும். உள்மடிப்பு அகலமாக விட்டால் அடுத்த ஆண்டு வளர்ந்த பெண்ணுக்கும் பிரித்து விடலாம். ஆனால் விசிறி மடிப்புகளை முதலில் கையால் கோத்து நிறுத்த வேண்டும். கொக்கியும் கண்ணியும் நாடா முனையும் கைவேலையே. அரைமண்டியில் அமரும்போது ஏற்படும் இழுவை முழுவதும் அந்தச் சிறு கொக்கிகளின் மேல் விழும்.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பள்ளி விழா. பதினெட்டு உடைகள், மூன்றே நாள் தவணை. அத்தை இரவெல்லாம் இயந்திரத்தை மிதித்தார். கொக்கிகள் மட்டும் மிஞ்சின. வெறுப்பும் அவசரமும் சேர, ஒவ்வொன்றுக்கும் நான்கு சுற்றுப் போட்டு முடித்தார். மேடையில் ஒரு சிறுமியின் விசிறி நழுவிக் காலடியில் விழுந்தது. கூட்டம் சிரித்தது. குழந்தை உள்ளே ஓடியவள் திரும்ப வரவில்லை. பிறகு ஆடவும் வரவில்லையாம். பெற்றோர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. உடையைத் திருப்பித் தந்துவிட்டனர்.

அந்த உடை இன்னும் அத்தையின் பெட்டியில் இருக்கிறது. ஊதா நிறம், பொன்னிறக் கரை. கொக்கி பிய்ந்த இடத்தில் நூல் அப்படியே தொங்குகிறது. “இதைப் பார்த்துவிட்டுத்தான் கொக்கி கட்ட உட்காருவேன். பன்னிரண்டு சுற்று. பிடிக்கவில்லைதான், அதற்கென்ன?” என்றார்.

இப்போது அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. மைசூரில் அறுவை செய்துகொள்ளச் சொல்லியும் விழாக்காலம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டிருக்கிறார். ஆயத்த நாட்டிய உடைகள் கடைகளில் தொங்குகின்றன, வாடகைக்கும் கிடைக்கின்றன. அவரிடம் வருவோர் குறைந்துவிட்டனர். பேத்தி கணினி படிக்கிறாள். தையல் கற்றுக்கொள்ள வரும் இரண்டு பெண்களும் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே கைத்தையலில் ஒரு மாதம் பழக வேண்டும் என்பது அத்தையின் சட்டம். ஆனால் அவர்கள் தைத்ததை அவர் பிரிப்பதில்லை. பிழையான தையலின் அருகிலேயே அடுத்ததைத் தைக்கச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்.

பொங்கல் விழாவிற்கு நம் குழந்தைகளுக்கு நாட்டிய உடை வாங்குவோர், வாங்கியவுடன் கொக்கிகளை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். நான் புறப்படும் வேளையில் ஒரு பச்சைப் பட்டு ரவிக்கையை மடியில் விரித்து, ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினார்.

“இருபது ஊசிக்கு நூல் கோத்து வைத்துவிட்டுப் போ, கண்ணு. பஸ் அரைமணிக்கு ஒன்று வரும்.”