காந்தம் எங்கே தோற்கிறது?

தடாவைத் தாண்டியதும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, திருப்பதி மாவட்டத்தில் விரிந்து கிடக்கிறது ஸ்ரீ சிட்டி. அங்கே 2023-இல் டைக்கின் நிறுவனம் ஏசி ஆலை ஒன்றைத் திறந்தது. இன்வெர்ட்டர் ஏசி எந்த நிறுவனத்துடையதானாலும், அதன் கம்ப்ரசர் மோட்டாரில் பெரும்பாலும் நிரந்தரக் காந்தங்கள் பதிந்திருக்கும். கத்திரி வெயிலில் அவற்றை இரண்டு எதிரிகள் ஒரே நேரத்தில் தாக்குகின்றன. ஒன்று, மோட்டாரின் சூடு. மற்றொன்று, சுற்றியுள்ள கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரம் எழுப்பும் எதிர்க் காந்தப் புலம். இவற்றைத் தாங்கும் வலிமை காந்தத்துக்கு அதன் மூலப்பொருளிலிருந்து மட்டும் வருவதில்லை. உள்ளே இருக்கும் குறைகள் எந்த இடத்தில் அமைந்திருக்கின்றன என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது.

சூடேறினால் காந்தத்தன்மை போய்விடும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இரும்புக்கு அந்த எல்லை 770 டிகிரி செல்சியஸ். அதைக் கியூரி வெப்பநிலை என்பார்கள். அது இயற்கை விதித்த எண்தானே, குறைகளால் அதை என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். சமையலறையில் உள்ள சாதாரண ரைஸ் குக்கரே இதற்குப் பதில் சொல்லும். பாத்திரத்தின் அடியில் ஒரு ஃபெரைட் துண்டும் ஒரு காந்தமும் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வற்றி, அடிப்பகுதி 100 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் ஃபெரைட் காந்தத்தன்மையை இழக்கும், ஸ்பிரிங் தள்ளிவிடும், ‘டக்’கென்று சுவிட்ச் விழும். மாங்கனீசு ஃபெரைட்டுக்குள் காந்தத்தன்மை இல்லாத துத்தநாகம் என்ற குறையை வேண்டிய அளவு கலந்துதான் அந்த எல்லையைச் சாதம் வேகும் சூட்டுக்கு இறக்கியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் காந்தப் புலமும் சும்மா இருப்பதில்லை. அது அணுக்களின் காந்தத்தை ஒரே திசையில் பிடித்து நிறுத்துவதால், கூர்மையாக நிகழ வேண்டிய மாற்றம் மழுங்கி, படிப்படியாக நடக்கிறது.

மோட்டார்களில் பயன்படும் நியோடிமியம் காந்தத்தின் கியூரி எல்லை சுமார் 312 டிகிரி. ஆனால் அதன் சாதாரண வகையை 80 டிகிரிக்கு மேல் நம்ப முடியாது. இந்த இடைவெளிதான் விஷயத்தின் மையம். புலத்தை எதிர்த்திசையில் ஏற்றினால் காந்தத்தின் திசை ஒரு கட்டத்தில் புரண்டுவிடும். இதையும் ஒரு நிலைமாற்றமாகவே இயற்பியல் பார்க்கிறது. குறையே இல்லாத நியோடிமியம் படிகத்தைப் புரட்ட அறைவெப்பத்தில் ஏறக்குறைய 7 டெஸ்லா புலம் வேண்டும் என்கிறது கணக்கு. சூட்டைத் தாங்கச் சேர்க்கும் டிஸ்ப்ரோசியம் என்ற தனிமம் இல்லாமல் ஆலையில் செய்த காந்தமோ 1.2 டெஸ்லா அளவிலேயே புரண்டுவிடுகிறது. மிகத் தூய நீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயும் உறையாமல் இருக்கும். ஒரு தூசி விழுந்தால் அதைச் சுற்றிப் பனி பிடிக்கத் தொடங்கும். காந்தத்திலும் அப்படித்தான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத பொடிமணிகள் நெருங்கி அடுக்கிய கட்டி அது. ஒரு மணியின் விளிம்பில் பழுது இருந்தால் புரட்டல் அங்கே பிறந்து பரவும். சூடு ஏற ஏற அதற்குத் தேவையான புலமும் குறையும்.

அப்படியானால் குறைகளை எல்லாம் ஒழித்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றலாம். டிரான்ஸ்ஃபார்மர் தகட்டுக்கு அது ஓரளவு பொருந்தும், ஏனென்றால் அங்கே திசை எளிதாகப் புரள வேண்டும். சமேரியம்-கோபால்ட் காந்தங்களின் ஒரு வகையிலோ நுண்ணிய உட்பிரிவுகள்தான் புரட்டலின் எல்லைக்கோட்டை முளையடித்ததுபோல் பிடித்துவைக்கின்றன. அவற்றை நீக்கினால் காந்தம் சோப்ளாங்கியாகிவிடும். நியோடிமியம் மணிகளுக்கு நடுவே சில நானோமீட்டர் தடிமனில் வேறொரு படலம் ஓடுவதும் அடுத்த மணிக்குத் தொற்று பரவாமல் தடுக்கத்தான்.

இதனால்தான் 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் ஏற்றுமதியைச் சீனா கட்டுப்படுத்தியதும் நம் மோட்டார் தொழில் தடுமாறியது. சூட்டிலும் புரட்டலைத் தடுத்துக் காந்தத்தைத் தாங்க வைப்பவை அவை. மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டில் நியோடிமியம் உண்டு, டிஸ்ப்ரோசியம் மிகச் சொற்பம். 2025 நவம்பரில் ரூ.7,280 கோடி காந்தத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு 6,000 டன் உற்பத்தி இலக்கு. முதலில் மணலைத் தோண்டுவோம், நுணுக்கம் பிறகு வரட்டும் என்பது சரியான வரிசையாகாது. மணியை இன்னும் பொடியாக்கவும், டிஸ்ப்ரோசியத்தை மணியின் விளிம்பில் மட்டும் ஊடுருவச் செய்யவும் தெரிந்தால், இல்லாத பொருளின் தேவையே சுருங்கும். அந்தப் பணத்தில் ஒரு நல்ல பங்கை மணி விளிம்புகளை ஆராயும் ஆய்வகங்களுக்கு ஒதுக்குங்கள்.